ஸ்மார்ட் போர்டு வந்த வகுப்பில் சாக்பீஸும் இருக்கட்டும்

உங்கள் கேள்வி இது: அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராக இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறீர்கள். வகுப்பில் ஸ்மார்ட் போர்டு மாட்டியாயிற்று. பயிற்சிக்குப் போனால் எல்லாப் பாடத்தையும் திரையிலேயே நடத்தலாம் என்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில் மூத்தவர்கள் "சாக்பீஸ் போதும் சார், இதெல்லாம் ரெண்டு வருஷத்துக்குத்தான்" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது, சொந்தக் காசில் ஏதாவது வாங்கலாமா, நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் அறிவியல்தான், ஒன்பதும் பத்தும். கருவி புதிதா பழையதா என்று நான் பார்ப்பதில்லை. அதன் வழியாகச் செய்தி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பேன். மூன்று பக்கம் உண்டு. திரையிலிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து எனக்கு, எங்கள் இருவரிடமிருந்தும் மேலிடத்துக்கு. காசு பெரும்பாலும் முதலாவதில் போகிறது, நம் நேரம் மூன்றாவதில் போகிறது. நடுவில் இருப்பதைச் சீந்த ஆளில்லை. எனக்கு அதிகம் கைகொடுத்தது அந்த நடுவில் இருப்பதுதான்.

முதலில் உங்கள் மூத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர்கள் பார்த்த வரிசையைப் பாருங்கள். 1984-ல் ‘கிளாஸ்’ என்ற மத்திய அரசுத் திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தன. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. 2010-ல் அதன் வேலை முடிந்தது. 2011-ல் விலையில்லா மடிக்கணினி. 2018-ல் புதிய பாடநூலோடு கியூ.ஆர். குறியீடு. 2019 ஆகஸ்ட் 26-ல் கல்வித் தொலைக்காட்சி. 2023-ல் பாட வீடியோக்களுக்கான அரசின் மணற்கேணி செயலி. அப்புறம் ஏறத்தாழ 80,000 ஆசிரியர்களுக்குக் கைக்கணினி, ஏறத்தாழ 23,000 ஸ்மார்ட் வகுப்பறைகள் என்று அறிவிப்பு. முப்பது வருஷம் பணியில் இருந்த ஒருவர் இதில் பாதிக்கு மேல் பிரித்துப் பார்த்திருப்பார். தூசி தட்டி, பூட்டி, ஹெச்.எம். அறையில் ஸ்டாக் ரிஜிஸ்டரோடு ஒப்படைத்தும் இருப்பார். ரிட்டையர் ஆகும் நாளில் அந்த ரிஜிஸ்டரில் ஒரு பொருள் குறைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சுவிட்சைப் போட அவர் தயங்குவதில் வியப்பில்லை.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் இதே கதை வேறு மாதிரி நடந்தது. அங்கே 2001-லேயே ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ தொடங்கி, பின்னால் அது ‘கைட்’ என்ற அமைப்பாக மாறியது. கட்டற்ற மென்பொருளில் ஊன்றி நின்றார்கள். பயிற்சி கொடுப்பதும் பெறுவதும் பாடம் உருவாக்குவதும் பள்ளி ஆசிரியர்களே. 2018-ல் 45,000 வகுப்பறைகளுக்குப் புரொஜெக்டரும் மடிக்கணினியும் போனபோது, ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் அணிகளும் கூடவே வந்தன. சின்னச் சின்னக் கோளாறை எட்டாம் வகுப்புப் பிள்ளை பார்த்துக்கொள்கிறது. நம் பள்ளியில் அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வகுப்பில் ஒயர், ஜங்ஷன் பாக்ஸ், ரிமோட் மூன்றையும் இரண்டு பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். முதல் பெஞ்சுப் பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை. கடைசி பெஞ்சில் வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு அடி வாங்கியவன் ஒருவன் கட்டாயம் இருப்பான். அவனைப் பிடியுங்கள்.

இனி முதல் திசை. திரையிலிருந்து பிள்ளைக்கு.

கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது, ஒரு பாடவேளைக்குள் அடங்காத அளவுக்கு மெதுவானது, பிடிபடாத அளவுக்கு வேகமானது, உடம்புக்குள் ஓடிக்கொண்டிருப்பது: இவற்றுக்குத் திரை வேண்டும். செல் இரண்டாகப் பிரிகிற மைட்டாசிஸில் குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி இரண்டாகப் பிரிந்து இரு முனைக்கும் இழுபடுவதைக் கரும்பலகையில் நான்கு வட்டம் போட்டு எத்தனை தடவை சொன்னாலும், பிள்ளைகள் அதை நான்கு தனித்தனிப் படமாகத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு தடவை ஓடவிட்டுக் காட்டினால் அது ஒரே நிகழ்ச்சி என்று புரிந்துவிடும். இங்கே சாக்பீஸ் தோற்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் எதை முதலில் காட்டுவது என்பதில் நான் பிடிவாதக்காரன். பத்தாம் வகுப்பில் தாவரக் கடத்துதலும் விலங்குகளின் சுற்றோட்டமும் வருகிற பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கறிக்கடையில் சொல்லிவைத்தால் ஆட்டு இதயத்தை முழுசாகத் தருவார்கள், மேலே குழாய்களை ஒட்ட வெட்டாமல் கேட்டு வாங்க வேண்டும். ஹெச்.எம்.மிடம் சொல்லிவிடுங்கள், பார்க்கப் பிடிக்காத பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனிக்குள் மெல்லத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் நிற்கும். அரைச்சந்திர வால்வு மூடிக்கொண்டது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு அறுத்துக் காட்டுங்கள். இடது வெண்ட்ரிக்கிள், அதாவது இடது கீழறையின் சுவரை ஒரு பிள்ளை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வலதையும் அழுத்தினால், "சார், இது ஏன் இவ்ளோ கெட்டி?" என்று தானே கேட்கும். உடம்பு முழுக்கத் தள்ள வேண்டிய பக்கம் எது, பக்கத்து நுரையீரலுக்கு மட்டும் தள்ளுகிற பக்கம் எது என்று வகுப்பே சொல்லிவிடும். அதற்கப்புறம் வீடியோ, ஒரு நிமிஷம் போதும். கையில் இருந்தது அசைவற்ற தசை, திரையில் அது துடிக்கிறது. தடவிப் பார்த்த கைக்கு அந்தத் துடிப்பு என்னவென்று தெரியும். முதலில் வீடியோவைப் போட்டுவிட்டால் நீலம், சிவப்பு அம்புக்குறிகள்தான் மனதில் நிற்கும். நீல ரத்தம் என்று ஒன்று இருப்பதாகவே பத்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகள் உண்டு.

நிலவின் பிறைகளுக்கு நான் திரையே போடுவதில்லை. எல்லா வீடியோவும் விண்வெளியில் நின்று மேலிருந்து பார்க்கிறது. சூரியன் ஒரு பக்கம், பூமி நடுவில், நிலா சுற்றுகிறது. பிள்ளை நிற்பதோ பூமியில். மேலிருந்து பார்த்ததை வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்ப்பதாக மனதுக்குள் திருப்பிப்போடுவது பெரியவர்களுக்கே கடினம். அதனால் பூமியின் நிழல் விழுந்துதான் பிறை உண்டாகிறது என்ற தவறான எண்ணம் அப்படியே தங்கிவிடுகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு குண்டு பல்பைப் போடுங்கள். ஆளுக்கொரு பந்தைப் பென்சிலில் குத்திக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தன்னைத்தானே சுற்றச் சொல்லுங்கள். தலைதான் பூமி. பந்தில் வளர்பிறை, முழுநிலவு, தேய்பிறை வரிசையாக வரும். முழுநிலவு வேண்டுமென்றால் பந்தைத் தலைக்குச் சற்று மேலே தூக்க வேண்டும், இல்லையென்றால் தலை மறைத்துச் சந்திர கிரகணம் ஆகிவிடும். அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கத்துவார்கள். இதெல்லாம் முடிந்தபின் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைத் திறந்து இன்று ராத்திரி நம்ம ஊர் வானத்தில் நிலா எந்தப் பக்கம், எந்த வடிவில் இருக்கும் என்று காட்டலாம். வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்துவிட்டு வருவார்கள்.

வீடியோ போடும்போது ஒன்று செய்யுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு நீங்கள் பேசுங்கள். பதிவு செய்த குரல் உங்கள் வகுப்பின் கடைசி வரிசையைப் பார்ப்பதில்லை. யார் முகம் சுருங்குகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். முக்கியமான இடத்துக்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்?" என்று கேளுங்கள். கணிப்பைச் சொன்ன பிள்ளை அதற்கப்புறம் கண்ணை எடுக்காது. இருபது நிமிஷ வீடியோவை முழுசாக ஓடவிட்டு ஓரமாக நிற்பதைப் பாடம் நடத்துவதாக நான் எண்ணுவதில்லை. மேலிருந்து ஆள் வருகிற நாளில் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவே.

கரும்பலகை இருக்க வேண்டிய இடமும் உண்டு. குவி லென்ஸுக்குக் கதிர்ப்படம் வரைவது, வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்வது, கணக்குப் போடுவது. என் கை போகிற வேகமும் பிள்ளை நோட்டில் எழுதுகிற வேகமும் ஒன்றாக இருக்கிறது. முதல் வரி பாடவேளை முடியும்வரை அங்கேயே நிற்கிறது. பின்தங்கியவன் நிமிர்ந்து பார்த்துப் பிடித்துக்கொள்கிறான். ஸ்லைடில் அடுத்த பக்கம் போனால் முந்தைய பக்கம் போயே போச்சு. பாடநூலில் இருக்கிற பத்தியை அப்படியே ஸ்லைடில் ஒட்டி வாசிப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இரண்டாவது திசைக்கு வருகிறேன். பிள்ளையிடமிருந்து எனக்கு.

வகுப்பில் "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்று கோரஸ் வரும். கை தூக்கச் சொன்னால் அதே ஐந்து பேர். மீதிப் பேர் என்ன நினைக்கிறார்கள் என்பது காலாண்டுத் தேர்வுப் பேப்பர் திருத்தும்போதுதான் தெரிகிறது. அதற்குள் நாலு பாடம் ஓடியிருக்கும். இதற்கு எனக்குக் கிடைத்த மிக நல்ல கருவி ‘பிளிக்கர்ஸ்’. பிள்ளைகளிடம் போன், கைக்கணினி எதுவும் வேண்டாம். ஆளுக்கு ஒரு காகித அட்டை, அதில் கறுப்புக் கட்டம். அட்டையின் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே வருமாறு பிடித்தால் போதும். நான் என் போன் கேமராவை வகுப்பின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நகர்த்தினால் ஒவ்வொரு பிள்ளையின் விடையும் பதிவாகிவிடும். 40 அட்டைகள் கொண்ட தொகுப்பை அவர்கள் தளத்திலிருந்தே இறக்கி அச்சிடலாம். ஒவ்வொரு அட்டையும் வேறு வேறு மாதிரி இருப்பதால் பக்கத்துப் பிள்ளை என்ன விடை காட்டுகிறது என்று எட்டிப் பார்த்தும் பயனில்லை. பளபளப்பான லேமினேஷன் போடாதீர்கள், வெளிச்சம் பட்டு மினுங்கினால் கேமரா படிக்காது.

ஒரு கேள்வியைச் சொல்கிறேன். இரண்டு ஒரேமாதிரி பல்புகள் தொடரிணைப்பில். பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்தில் இருக்கிற பல்பு அதிகமாக எரியுமா, தள்ளி இருப்பதா, இரண்டும் சமமா, இரண்டுமே எரியாதா? மின்னோட்டவியல் பாடம் முழுக்க நடத்தி முடித்து, ஓம் விதிக் கணக்கெல்லாம் சரியாகப் போடுகிற வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் முதல் பல்புதான் என்பார்கள். மின்னோட்டத்தை முதல் பல்பு கொஞ்சம் ‘சாப்பிட்டுவிடும்’, மிச்சம்தான் அடுத்ததற்கு என்ற எண்ணம். சூத்திரம் அந்த எண்ணத்தைத் தொடுவதே இல்லை. விடையைச் சொல்லாமல், பக்கத்தில் வேறு விடை காட்டியவரோடு இரண்டு நிமிஷம் சண்டை போடச் சொல்லுங்கள். மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். இது என் கண்டுபிடிப்பில்லை. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஜூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து செய்துகாட்டிய முறை, உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

அப்புறம் நிஜ பல்பு. இங்கேதான் வேடிக்கை. கடையில் வாங்கிய இரண்டு டார்ச் பல்புகள் ஒரேமாதிரி இருப்பது அபூர்வம், ஒன்று சற்றுப் பிரகாசமாகத்தான் எரியும். அது முதல் இடத்தில் இருந்துவிட்டால் "பாத்தீங்களா சார்!" என்று வகுப்பு குதிக்கும். இடத்தை மாற்றி மாட்டுங்கள். எங்கே மாட்டினாலும் அதே பல்புதான் பிரகாசமாக எரிகிறது என்று தெரியும்போது, காரணம் பல்பில் இருக்கிறது, இடத்தில் இல்லை என்று அவர்களே வந்து சேர்வார்கள். கடைசியாகத் திரையில் ‘ஃபெட்’ மெய்நிகர்ச் சுற்று. கொலராடோ பல்கலைக்கழகம் 2002 முதல் நடத்தி வருகிற இலவசத் தளம், சில செயல்பாடுகள் தமிழிலும் உண்டு. அதில் இரண்டு பல்பும் அச்சு அசலாக ஒன்று. எலக்ட்ரான்கள் சுற்று முழுக்க ஒரே வேகத்தில் நகர்வது தெரியும். நிஜத்தில் வராத ‘ஒரேமாதிரி’ அங்கே வருகிறது. அட்டை, பல்பு, திரை மூன்றும் ஒரே பாடவேளையில் அடங்கும், ஒத்திகை பார்த்துக்கொண்டால்.

போனை அளவுகோலாக்கலாம் என்பதைப் பயிற்சியில் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. சுவரில் அளவு டேப்பை ஒட்டி, ஒரு பந்தை விழவிட்டு, போனில் வீடியோ எடுங்கள். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 சட்டங்கள் (ஃபிரேம்). மூன்று மூன்று சட்டமாக நகர்த்தினால் ஒவ்வொரு தாவலும் 0.1 நொடி. பந்து எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் வந்து படித்துச் சொல்லட்டும். முதல் தாவலில் சுமார் 5 செ.மீ., அடுத்ததில் 15, அப்புறம் 25, 34, 44. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்ற விகிதம் கண்முன்னால் வந்து நிற்கும். கலிலியோ சாய்தளத்தில் பந்தை உருட்டிக் கண்ட கணக்கு அது. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் தருகிற ‘ஃபைஃபாக்ஸ்’ செயலி இருந்தால் இரண்டு போன்களை 5 மீட்டர் தள்ளி வைத்து, இந்தப் பக்கம் ஒரு கைதட்டு, அந்தப் பக்கம் ஒரு கைதட்டு, இரண்டு கைதட்டுக்கும் இடையே இரண்டு போனும் காட்டுகிற நேரங்களின் வித்தியாசத்தை வைத்து (ஒலி அந்த 5 மீட்டரை இரண்டு தடவை கடக்கிற நேரம் அது) ஒலியின் வேகத்தையே கண்டுபிடிக்கலாம். நம்ம ஊர் வெயிலில் நொடிக்கு 350 மீட்டரை ஒட்டி வரும். வித்தியாசம் ஒரு நொடியில் நூறில் மூன்று பங்குதான், அதை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பிடிக்க முடியாது.

நுண்ணோக்கியும் இப்படித்தான். பள்ளியில் சரியாக வேலை செய்வது ஒன்று இருந்தாலே அதிர்ஷ்டம். நாற்பது பேர் வரிசையில் வந்து ஒரு கண்ணை மூடி எட்டிப் பார்த்துவிட்டு "தெரியுது சார்" என்று போவார்கள். பாதிப் பேர் பார்த்தது தங்கள் கண்ணிமை முடியை, மீதியில் பாதி காற்றுக் குமிழை. போன் கேமராவைக் கண்ணருகு லென்ஸின் மேல் பொருத்தி ஸ்மார்ட் போர்டில் விட்டால் வெங்காயத் தோலின் செல்சுவர் வகுப்புக்கே தெரியும். "எது உட்கரு, வந்து தொட்டுக் காட்டு" என்று கூப்பிடலாம். இதற்காகவே நான் ஸ்மார்ட் போர்டை மன்னித்துவிடுவேன்.

கொரோனா காலத்தில் எனக்கு இன்னொன்று தெரிந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 9 முதல் 12 வரை உள்ள வகுப்புகளுக்கு நடுவில் கொஞ்ச நாள் திறந்து மூடி, ஒன்று முதல் எட்டுவரை உள்ள பிள்ளைகள் திரும்பி வந்தது 2021 நவம்பர் 1-ல்தான். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, வாட்ஸ்அப் குழு ஓடியது. வீட்டில் ஒரு போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி வரும்போது மூன்று பிள்ளைகள் அதற்குக் காத்திருக்கும். நேரடி வகுப்பு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஆனால் குரல் பதிவு வேலை செய்தது. "பிரெஷர் குக்கரில் ஏன் சீக்கிரம் வேகுது, ஒரு நிமிஷத்தில் சொல்லி அனுப்பு" என்றால், வகுப்பில் வாயே திறக்காத பெண் பிள்ளைகள், பின்னணியில் கோழி கத்த, தம்பி அழ, அருமையாகச் சொல்லி அனுப்பினார்கள். நாற்பது பேர் முன்னால் தப்பாகிவிடுமோ என்ற பயம் போனிடம் இல்லை. பள்ளி திறந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

நான் சொல்வது ஒரு பள்ளியின் கதையாகத் தெரியலாம், அதனால் பெரிய ஆய்வுகள் மூன்றைச் சொல்கிறேன். பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ‘ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் கணினிகள் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை வைத்து 2012-ல் வெளியான மதிப்பீட்டில் கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. டெல்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் ஆராய்ந்த ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கணினிவழிப் பயிற்சி மையங்களில் நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். 2019-ல் வெளியான ஆய்வு. இரண்டு இடத்திலும் கணினிதான். டெல்லியில் இருந்த மென்பொருள் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டு, அங்கிருந்து தொடங்கியது; ஏழாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புக் கணக்கில் நின்றால் மூன்றாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்தது. பெருவில் பெட்டி போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது நம் மாநிலத்தது. பெருந்தொற்றில் ஏற்பட்ட கற்றல் இழப்பைத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் அளந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தெருத்திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்து, எங்கே தடுமாறுகிறது என்று கண்டுபிடித்த ஆள்கள்.

மூன்றாவது திசையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் புலம்பலாகிவிடும். வருகைப் பதிவு, சத்துணவு, நலத்திட்டப் பட்டியல், பயிற்சிக்கு ஆன்லைன் வினாடி வினா, நிகழ்ச்சி நடந்ததற்குப் போட்டோ. இதில் எல்லாமே வீண் என்று நான் சொல்லமாட்டேன். தொடர்ந்து பத்து நாள் வராத பிள்ளையின் பெயர் ஒரு பட்டியலில் தலைகாட்டினால் யாராவது வீடு தேடிப் போக வாய்ப்புண்டு; ஊர்விட்டு ஊர் போன குடும்பத்துப் பிள்ளையின் விவரம் புதுப் பள்ளிக்கு உடனே கிடைக்கிறது. ஆனால் சிக்னல் இல்லாத பள்ளியில் முதல் பாடவேளையின் நல்ல பாதி, போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கும் வகுப்புக்கும் நடப்பதில் போவதை எந்தப் பட்டியலும் கணக்கில் எடுப்பதில்லை. என் பழக்கம் இது: தாளில் பெயர் கூப்பிட்டுப் பதிந்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிடுவேன், செயலியில் ஏற்றுவது அனுமதித்த நேர வரம்புக்குள் வேறு இடைவெளியில். போட்டோவுக்காகச் செயல்பாட்டை நிறுத்திப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதில்லை, நடக்கும்போது எடுத்தது கிடைத்தால் அனுப்புவேன்.

போட்டோ என்றதும் இன்னொன்று. உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வீடியோவை உங்கள் சொந்தச் சமூக ஊடகப் பக்கத்தில் போடும் ஆசை வரும், நாலு பேர் பாராட்டுவார்கள். தவிர்த்துவிடுங்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகளாகவே கருதி, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் கிடக்கட்டும், ஒன்பதாம் வகுப்புப் பெண் தப்பாகப் பதில் சொல்லும் வீடியோ அவள் கல்யாண வயதிலும் இணையத்தில் கிடப்பது நியாயமா?

செயற்கை நுண்ணறிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுதான் என்று தெரியும். ஒரே கணக்கை நாலு விதமாக எண்களை மாற்றித் தரச் சொல்ல, ஒரு பாடத்தில் பிள்ளைகள் வழக்கமாக எங்கே குழம்புவார்கள் என்று பட்டியல் கேட்க, நான் பயன்படுத்துகிறேன். தமிழில் கேட்டால் நம் பாடநூல் கலைச்சொல்லும் இலங்கைப் பாடநூல் கலைச்சொல்லும் தானாகச் செய்த சொல்லும் கலந்து வரும்; கணக்கில் விடை தப்பாகவும் வரும், அதுவும் மிகத் தன்னம்பிக்கையோடு. வரிக்கு வரி சரிபார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை அதனிடம் எழுதி வாங்கி வருகிறார்களா என்றால், வருகிறார்கள். முன்பு கைடைப் பார்த்து எழுதினார்கள். நான் எழுத்து வீட்டுப்பாடத்தைக் குறைத்துவிட்டு, "உங்க வீட்டு மின் மீட்டர்ல ராத்திரி எட்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் உள்ள அளவைக் குறிச்சுட்டு வா, வித்தியாசம் எதனாலன்னு சொல்லு" என்பது மாதிரி கொடுக்கிறேன். அந்த மீட்டரை எழுந்துபோய்ப் பார்க்க வேண்டியது பிள்ளைதான்.

வாங்குவது பற்றி. பெரிய சாமானுக்குச் சொந்தக் காசைப் போடாதீர்கள். முன்னாள் மாணவர்கள், ஊரார் யாராவது முன்வந்தால் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகவோ ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாகவோ வரட்டும், ரிஜிஸ்டரில் ஏறட்டும். அவர்கள் இரண்டாவது ஸ்மார்ட் போர்டு தருகிறோம் என்றால் அதற்குப் பதில் இன்வெர்ட்டரும் ஜன்னலுக்குத் திரைச்சீலையும் கேளுங்கள். மதிய வெயிலில் திரை வெளிறிப்போவதும் கரண்ட் போவதும்தான் நம் ஊரில் பாதிப் பாடத்தைக் கெடுக்கிறது. உங்கள் கையிலிருந்து என்றால் போனைப் பிடித்து நிறுத்த ஒரு ஸ்டாண்ட், போனைப் போர்டோடு இணைக்க நீளமான ஒயர், அட்டைகளை அச்சிடக் கொஞ்சம் காசு, வீடியோக்களை முன்கூட்டியே இறக்கி வைக்க ஒரு பென் டிரைவ். மணற்கேணியில் உள்ளவற்றை வீட்டிலேயே பார்த்துத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வகுப்பில் நின்றுகொண்டு தேட வேண்டாம். போர்டின் வாரண்டி எப்போது முடிகிறது, சர்வீஸுக்கு எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்பதை ஹெச்.எம்.மிடம் இந்த வாரமே கேட்டு, போர்டின் பின்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.